தலை கவிழ்ந்த கிளி

காலை ஏழே முக்காலுக்கு வஹீதுன்னிசா தன் செல்போனில் ஒரு படத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்கு பர்தாவை மாட்டிக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

படத்தில் இருந்தது ஒரு வாசற்கதவு. நூம்பலில், அவள் தைத்துக் கொடுக்கும் வீட்டுப் பெண் காவ்யா வாங்கியிருக்கும் புது ஃபிளாட்டின் கதவு. இன்று அங்கே கிரகப்பிரவேசம். விடியற்காலையில் பால் காய்ச்சி முடித்த கையோடு காவ்யா வாட்ஸப் ஸ்டேட்டஸில் படத்தைப் போட்டிருந்தாள். யார் யாருக்குத் தெரியும், யார் யாரை நீக்க வேண்டும் என்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது. அதனால்தான் அது வஹீதாவின் கண்ணில் பட்டது.

நிலையில் மாவிலை. மாவிலையை ஒட்டிக் குறுக்காக ஒரு சரம், இடது வலது பக்கங்களில் ஒவ்வொரு சரம். சரத்துக்குப் பதினேழாக ஐம்பத்தோரு துணிக் கிளிகள். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, வயிற்றில் மட்டும் பழைய பட்டுப் பாவாடைத் துணி. எல்லாமே வஹீதா மெஷினில் தைத்தவை.

படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். ஐம்பது கிளிகள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது சரத்தில், கீழிருந்து நாலாவது கிளி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று வஹீதாவுக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு வரை ஆவடி குவார்ட்டர்ஸில் பதினோரு வீடுகள் அவளுக்கு வாடிக்கை. ஜாக்கெட், ஃபால்ஸ், திரைச்சீலை, கொலுவுக்குப் படித்துணி, பிறந்த நாளுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சுருக்குப் பை. எதுவானாலும் வஹீதாதான். அதில் முதல் வீடு லோகநாயகியுடையது. லோகநாயகியின் புருஷன் ஏகாம்பரத்துக்கு ஃபேக்டரியில் வேலை. அவர்கள் வீட்டில் மோட்டார் வைத்த மெஷினும், அதைப் போட நல்ல வெளிச்சமான அறையும் இருந்தன. பெரிய வேலை வந்தால் வஹீதா காலையில் பஸ் பிடித்து அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். மதியம் இரண்டு பேருமாகச் சாப்பிடுவார்கள்.

கிளி யோசனை லோகநாயகியின் மகள் காவ்யாவுடையது. ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் கட்டுவது, வந்தவர்கள் கிளம்பும்போது தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு கிளியைச் சரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தனுப்புவது. வாசலுக்கு அலங்காரம், போகிறவர்களுக்குப் பரிசு.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வெட்டுவதும் தைப்பதும் வஹீதா. துணியை உள்பக்கமாகத் திருப்பித் தைத்து, வயிற்றில் இரண்டு விரல் நுழையும் அளவு வழி விட்டு, கரண்டிக் காம்பால் குத்தி வெளியே புரட்டிக் கொடுத்துவிடுவாள். அடைப்பதும் வயிற்றைக் கையால் தைத்து மூடுவதும் லோகநாயகி. அதை அவள் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து செய்வாள்.

என்ன வைத்து அடைப்பது என்பதில்தான் ஒரு சின்னப் பேச்சு வந்தது. வஹீதாவின் புருஷன் நஜீர் பூந்தமல்லியில் மெத்தை, தலையணைக் கடையில் வேலை பார்க்கிறான். நல்ல இலவம்பஞ்சு கொண்டுவந்து தருகிறேன் என்றான். லோகநாயகி கேட்கவில்லை. வெட்டி விழுந்த துண்டுத் துணியே மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது பஞ்சு எதற்கு என்றுவிட்டாள். மடியில் துண்டுத் துணியைக் குவித்துக்கொண்டு, கண்ணை சீரியலில் வைத்துக்கொண்டு, கை போன போக்கில் பிடி பிடியாக எடுத்துக் கிளிக்குள் திணித்தாள். முதல் பிடி தலைக்கு, இரண்டாவது பிடி வயிற்றுக்கு.

பஞ்சாக இருந்திருந்தால் மஞ்சள் சங்கிலி பளிச்சென்று தெரிந்திருக்கும்.

மூன்று பவுன் சங்கிலி. மாங்காட்டு அம்மன் டாலர் வைத்தது. தைக்க உட்கார்ந்தால் கழுத்தில் கசகசக்கிறது என்று லோகநாயகி அதைக் கழற்றி மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவாள். எப்போதும் அப்படித்தான். அன்றைக்கும் ஆணியில்தான் மாட்டினேன் என்று அம்மன் மேல் சத்தியம் செய்தாள். மறுநாள் காலையில் ஆணி வெறுமையாக இருந்தது. அந்த அறையில் முந்தின நாள் முழுக்க இருந்த வெளியாள் ஒருத்திதான்.

யாரும் திருடி என்று சொல்லவில்லை. ஏகாம்பரம் மரியாதையாகத்தான் கேட்டார், தவறுதலாகத் துணியோடு துணியாகப் பைக்குள் போயிருக்குமோ, ஒரு தடவை கொட்டிப் பார்த்துவிடலாமே என்று. பக்கத்து வீட்டு அனுசுயா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளும் வாடிக்கைதான். வஹீதா தன் பையைக் கட்டிலில் கொட்டினாள். கத்திரி, டேப், சாக்குக்கட்டி, டிபன் பாக்ஸ், மகள் சஹருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. டிபன் பாக்ஸை ஏகாம்பரம் திறந்து பார்த்தார்.

அதன் பிறகு பதினோரு வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. அனுசுயா மட்டும் அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள்.

இத்தனையும் வஹீதாவின் மனதில் ஓடி முடிவதற்குள் பஸ் கரையான்சாவடியைத் தாண்டியிருந்தது. லோகநாயகிக்கு இரண்டு தடவை போன் அடித்தாள். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை கட் ஆனது.

கிளியின் கழுத்துக்குப் பின்னால் வளையம் வைத்தது வஹீதாதான். முதல் கிளியில் இரண்டு பிடி துணியை அடைத்து, நூலில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் சாயாத இடத்தைப் பார்த்துப் புள்ளி வைத்து, அதே அளவில் ஐம்பத்தொன்றுக்கும் வைத்தாள். துணி கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் கிளி லேசாக ஆடும். இப்படித் தலை குப்புறத் தொங்காது. தலைக்குள் துணியைவிடக் கனமான ஏதோ போயிருந்தால்தான் தொங்கும். அடைத்தது லோகநாயகி. மூடித் தைத்தது லோகநாயகி. சங்கிலியை ஆணியில் மாட்டாமல், கழற்றி மடியிலேயே போட்டிருப்பாள். மெஷினை விட்டு எழுந்த பிறகு வஹீதா ஒரு கிளியைக்கூடத் தொடவில்லை.

அது போதும். ஆனால் அந்தக் கிளி இன்னும் சரத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த முதல் பந்தி இந்நேரம் கிளம்பிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு கிளி. எவள் கையிலோ போய், எந்த ஊர் ஷோகேஸிலோ உட்கார்ந்துவிட்டால், வஹீதா சாகும் வரை திருடிதான்.

வேலப்பன்சாவடியில் இறங்கினாள். ஷேர் ஆட்டோ ஆள் சேருவதற்காகக் காத்திருந்தது. காத்திருக்க அவளால் முடியவில்லை. நூம்பல் ரோட்டில் நடக்கத் தொடங்கினாள். எதிரே ஒரு பைக் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் மஞ்சள் தாம்பூலப் பை, பையின் வாயில் பச்சைத் தலை. வஹீதா நின்றேவிட்டாள். பைக் கடந்தது. கிளி நேராகப் பார்த்துக்கொண்டு போனது. இது இல்லை.

இன்னும் இரண்டு கிளிகள் எதிரே வந்தன. ஒன்று பெரியவர் ஒருவரின் சட்டைப் பையில். ஒன்று குழந்தையின் வாயில்.

அடுக்குமாடியின் கீழே பந்தல், நாற்காலி, சாம்பார் வாசனை. வஹீதா யாரையும் பார்க்காமல் படியேறினாள். இரண்டாவது மாடி. குறுக்குச் சரம் காலி. வலது சரத்தில் ஐந்தோ ஆறோ. இடது சரத்தில் கீழிருந்து மூன்றைக் காணோம்.

நாலாவது இருந்தது. அதன் மேல் ஒரு கையும் இருந்தது. அனுசுயாவின் கை.

“அனுசுயாக்கா, அது வேணாம். வேற எடுத்துக்கங்க” என்றாள் வஹீதா.

அனுசுயா திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. உள்ளே கூடத்தில் பட்டுப் புடவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. காவ்யாவின் மாமியார் சோபாவிலிருந்து கழுத்தை நீட்டி, யார் இது என்று கேட்பது கேட்டது. லோகநாயகி கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். வெறும் கழுத்து தெரியாமல் இருக்க முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

“இன்னா வஹீதா, இங்க எதுக்கு வந்த?”

வஹீதா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கிளியைத் தான் தொட்டுவிட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும் என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“நான் தொட மாட்டேன்கா. நீங்களே அந்தக் கிளியோட தலையை அமுக்கிப் பாருங்க.”

லோகநாயகி அனுசுயாவைப் பார்த்தாள். பிறகு, எல்லாரும் பார்க்கிறார்களே என்பதற்காக, கிளியின் தலையை லேசாகத் தொட்டாள். துணி என்றாள். வஹீதா பர்தாவின் கழுத்துப் பட்டியில் எப்போதும் செருகியிருக்கும் ஊசியை உருவி நீட்டினாள்.

“இதால குத்திப் பாருங்க.”

லோகநாயகி குத்தினாள். ஊசி அரை அங்குலம் போய் நின்றது. இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கேயும் நின்றது. நுனி உலோகத்தில் பட்டு வழுக்குவது வஹீதாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் லோகநாயகியின் முகத்தில் அது தெரிந்தது. இத்தனை வருஷம் ஒன்றாகத் தைத்தவள். ஊசி எதில் இடித்தது என்று அவள் விரலுக்குத் தெரியும்.

அனுசுயா எட்டிப் பார்த்து, என்ன என்ன என்றாள்.

லோகநாயகி கிளியை முடிச்சோடு அறுத்து எடுத்தாள். தலை உள்ளங்கைக்குள் மறையும்படி பிடித்துக்கொண்டாள். சின்னதாகச் சிரித்து, நூல் பிரிஞ்சிருக்கு, வேற எடுத்துக்கோ என்று அனுசுயாவிடம் சொன்னாள். பிறகு வஹீதாவின் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

“சம்மந்தி பாத்துகினு கீறாங்க. நல்ல நாளும் அதுவுமா வாசல்ல கட்டினத வெட்டிப் பிரிச்சா ஆவாது. நீ போய்ச் சாப்புடு. நான் எல்லார்கிட்டயும் பேசிக்கிறேன். என் பொண்ணு மேல ஆணையா பேசிக்கிறேன் வஹீதா.”

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அது பொய்யில்லை. அதனால்தான் வஹீதா நம்பினாள்.

சாப்பிடவில்லை. படியிறங்கி, பந்தலைக் கடந்து, வந்த வழியே நடந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. வேலப்பன்சாவடியில் ஒரு கடையில் நின்று டீயும் பன்னும் சாப்பிட்டாள்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்த நஜீரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி குத்தியதை இரண்டு தடவை சொன்னாள். அவன் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“கெடச்சிச்சு, சந்தோசம். அங்க இருந்தவங்க முன்னாடி அந்தம்மா வாயத் தொறந்து சொல்லிச்சா?”

வஹீதா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நாளைக்குச் சொல்வாங்க என்று கடைசியில் சொன்னாள். நஜீர் சோற்றைப் பிசைந்தான்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கிரகப்பிரவேச வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும் என்று வஹீதா தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். நாலாம் நாள் காலையில் போன் அடித்தது. அனுசுயா. வஹீதா ஈரக் கையைத் துடைக்காமல் எடுத்தாள்.

அனுசுயா குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பாசமாகப் பேசினாள்.

“தப்பு பண்ணாத மனுசங்க யாரு கீறாங்க, சொல்லு? அவ்ளோ கூட்டத்துல வந்து திருப்பிக் குடுத்த பாரு, அதுக்கு ஒரு தில்லு வேணும். லோகநாயகிக்கும் பெரிய மனசு. போலீசு கீலீசுன்னு போவாம உட்டுச்சே.”

வஹீதா போனைக் காதிலிருந்து எடுத்தாள். எடுத்த பிறகும் அது பேசிக்கொண்டே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் லோகநாயகி வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்தவளின் கழுத்தில் சங்கிலி இருந்தது. டாலர் வெளியே தெரிய இருந்தது. வஹீதாவைப் பார்த்ததும் கை அனிச்சையாக டாலருக்குப் போய், பாதியில் நின்று, இறங்கியது.

உள்ளே வா என்றாள். வஹீதா செருப்பைக் கழற்றவில்லை. அனுசுயா சொன்னதை அப்படியே சொன்னாள். லோகநாயகி தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டு பேசினாள்.

“நீ எடுத்தேன்னு நான் சொன்னேனா? என் வாயால எங்கியாவது சொன்னேனா? வஹீதா வந்து குடுத்துச்சின்னுதான் சொன்னேன். நீ வந்தியா இல்லியா? நீ வந்ததாலதான கெடச்சுது?”

“கிளிக்குள்ள இருந்துச்சுன்னு சொல்லலியேக்கா.”

“எப்டி சொல்றது? சங்கிலி காணோன்னு சம்மந்தி ஊட்டுக்கு மொதல்லியே போன் பண்ணிட்டேன். தையல்காரி மேல சந்தேகம்னு எங்க ஊட்டுக்காரர் வேற சொல்லிட்டாரு. இப்ப போயி நானே சீரியல் பாத்துகினு உள்ள வச்சித் தைச்சிட்டேன்னு சொன்னா, என் பொண்ண அந்த ஊட்ல எப்டிப் பாப்பாங்க? உனக்கு இன்னா, நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. நானே எல்லா ஊட்லயும் சொல்லி மறுபடியும் உன்னத் தைக்கச் சொல்றேன்.”

இதை அவள் யோசித்து, சரி என்று முடிவு செய்து வைத்திருக்கிறாள் என்பது வஹீதாவுக்குப் புரிந்தது. கத்தலாம் என்று தோன்றியது. குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தலாம். திருப்பிக் கொடுத்தவள் கத்தினால் என்ன சொல்வார்கள் என்றும் தோன்றியது.

“அந்தக் கிளி எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

லோகநாயகியின் முகம் தெளிந்தது. கேட்டது சின்ன விஷயமாகப் போனதில் வந்த தெளிவு. உள்ளே போய் எடுத்துவந்தாள். வயிற்றிலிருந்து கழுத்து வரை கத்திரியால் கிழிந்த கிளி. துண்டுத் துணி வெளியே தொங்கியது.

“நானே குடுக்கலாம்னு இருந்தேன். லேசா தைச்சுக் குடுத்துடேன். ஷோகேஸ்ல வைக்கக் காவ்யாவுக்கு ஒண்ணுகூட மிச்சம் இல்லியாம்.”

வஹீதா கிளியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பூந்தமல்லியில் அவள் வீடு ஓர் அறையும் சமையலறையும் பின்னால் குளியலறையும். மெஷினுக்கு மேலே ஜன்னல் கம்பியில் கிளியைக் கட்டினாள். தைக்கவில்லை. உள்ளே பாரம் இல்லாததால் அது இப்போது நேராகப் பார்த்தது. வயிறு மட்டும் திறந்து கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சஹர் அதைத் தொட்டுப் பார்த்து, ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றாள் வஹீதா.

மூன்று வாரம் கழித்து அனுசுயா நேரிலேயே வந்தாள். வீட்டில் ஒரு விசேஷமாம். நாற்பது சுருக்குப் பை வேண்டும். துணியை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். எப்போதும் போல் குவார்ட்டர்ஸுக்கே வந்து தைக்கிறேன் என்று வஹீதா சொல்லிப் பார்த்தாள். வேண்டாம், வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம், நீ இங்கேயே நிம்மதியாகத் தை என்றாள் அனுசுயா. சொல்லும்போது மூட்டையின் முடிச்சைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு அவள் கண் ஜன்னலுக்குப் போனது. இது இன்னா கோலம் என்று கேட்டாள்.

வஹீதா சொன்னாள். கேட்க ஒருத்தி வந்தாளே என்று, ஒன்று விடாமல் சொன்னாள். வளையம் வைத்த இடம், இரண்டு பிடி துணி, மடியில் கழற்றி வைத்த சங்கிலி, ஊசி, லோகநாயகி உள்ளங்கைக்குள் மறைத்தது. நீங்களே பார்த்தீங்களே, உங்க கையிலதானே அது இருந்துச்சு என்றாள். கிளியைக் கழற்றி அனுசுயாவின் கையில் வைத்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாள். டாலரின் விளிம்பு அழுத்தியிருந்த வட்டம் தலைத் துணியில் இன்னும் இருந்தது.

அனுசுயா விரலை விட்டுப் பார்த்தாள். வட்டத்தைத் தடவினாள். அவள் முகம் மாறியது. அன்றைக்கு அந்த நூல் பிரிந்திருக்கவில்லை என்று தனக்கும் தோன்றியதாகச் சொன்னாள். லோகநாயகி இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றாள். வஹீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ பாவமே. இவ்ளோ நாளா இத மனசுலயே வச்சிகினு கீறியா நீ.”

பிடித்திருந்த கை வெதுவெதுப்பாக இருந்தது. வஹீதா டீ போடுகிறேன் என்று எழுந்தாள்.

டீ கொதிக்கும்போது அனுசுயா, பஸ்ஸில் வந்தது கசகசக்கிறது, முகம் கழுவ வேண்டும், பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். பின்னால் என்று வஹீதா கையைக் காட்டினாள்.

அனுசுயா எழுந்தாள். நாலு அடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து, நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.